ஏழு மாடியின் எட்டாவது தூண்

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரிடம் வேண்டுமானாலும் "ஏழு மாடி எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். தமிழில் கேட்டால் தமிழில், தெலுங்கில் கேட்டால் தெலுங்கில், கன்னடத்தில் கேட்டால் கன்னடத்தில் வழி சொல்வார்கள். வந்து நின்று எண்ணிப் பார்த்தால் ஆறுதான் இருக்கும். தரைத்தளம் ஒன்று, அதற்கு மேல் ஐந்து. மொட்டை மாடியில் தூண் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கின்றனவே, அதுதான் ஏழாவது மாடி. கட்டியவர் என்றைக்காவது கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார். ஊர் அதுவரை பொறுக்கவில்லை. அவர் கட்டிவிட்டதாகவே நினைத்துப் பெயரை வைத்துவிட்டது.

அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நான் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். ஆபீஸ் கட்டடத்தில் காப்பகமா என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. வேறு எங்கே நடத்துவது? என் வீட்டுக்காரருக்கு இங்கே கம்பெனியில் வேலை கிடைத்து, விருதுநகரிலிருந்து நாங்கள் மூட்டை கட்டி வந்த புதிதில், இதே கட்டடத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஆபீஸ் பெண் ஒருத்தி கைக்குழந்தையை மேஜைக்குக் கீழே துணி விரித்துப் படுக்கப் போட்டிருந்தாள். மேலதிகாரி வரும்போதெல்லாம் காலால் மறைத்துக்கொள்வாள். பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. "கொண்டா இங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அப்படி ஆரம்பித்ததுதான். இன்றைக்குக் கம்பெனிக்குப் போகும் பெண்கள், பேங்கில் இருக்கும் பெண்கள், மாடியில் வேலை பார்க்கும் பெண்கள் என்று எல்லாருடைய பிள்ளைகளும் என்னிடம் வருகின்றன. எனக்குக் கூடமாட இருப்பவர் தளிப் பக்கத்து ஆயா ஒருவர். பிள்ளைகளைக் கன்னடத்தில் கொஞ்சுவார், தமிழில் திட்டுவார்.

கட்டடத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. கட்டியவர் வேப்பனப்பள்ளிக்காரர். மாந்தோப்பு இருந்தது, கல் குவாரி இருந்தது, அவற்றைவிடப் பெரிதாக ஆசை இருந்தது. ஓசூரில் இரண்டு மாடி வீட்டையே ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் பெங்களூரிலிருந்து ஒரு ஆர்க்கிடெக்டைக் கூட்டிவந்தாராம். முகப்பு முழுக்கச் சொந்தக் குவாரியின் கறுப்பு கிரானைட். பஸ்ஸுக்கு ஓடும் பெண்கள் இன்றைக்கும் அதில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொள்கிறார்கள். கல்லின் அழகு கெட்டுவிடும் என்று அந்த ஆர்க்கிடெக்ட் ஒரு குழாயைக்கூட வெளியே தெரிய விடவில்லை. நடுவில் அகலமான படிகளோடு ராஜா வீட்டு வாசல் போல ஒரு வாசல் வைத்தார்.

அந்த வாசல் வழியாக யாருமே நுழைந்ததில்லை. தெற்குப் பார்த்த வாசல், ஆகாது என்று யாரோ சொல்ல, கிரில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். இத்தனை பெரிய கட்டடத்துக்குள் நுழைய நாங்கள் எல்லாரும் பக்கத்துச் சந்தில் ஜூஸ் கடையின் சாத்துக்குடித் தோலை மிதித்துக்கொண்டு கிழக்கு வாசலுக்குப் போகிறோம். பேங்க் மேனேஜரிலிருந்து தண்ணீர் கேன் போடுகிறவர் வரைக்கும் அதே சந்துதான். படிக்கட்டுத் திருப்பங்களில் ஆட்கள் வெற்றிலை எச்சில் துப்பினார்கள் என்று சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டினார்கள். முதல் திருப்பத்தில் முருகன், அடுத்ததில் மெக்கா, அதற்கடுத்ததில் ஏசு. துப்புவது நின்றுவிட்டது. நாலாவது மாடிக்கு டைல்ஸ் பத்தவில்லை, அங்கே மட்டும் இன்னும் துப்புகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே எட்டாவது தூண். அந்தக் கதையை எனக்குச் சொன்னவர் வாட்ச்மேன். தர்மபுரிக்காரர், கட்டடத்தோடு கூடவே கிழவனானவர். நாலாவது மாடி எழும்பிக்கொண்டிருந்தபோது பெரியவருக்கு நேரம் கெட்டுப்போனது. குவாரியில் வழக்கு, மாந்தோப்பில் பூச்சி, கட்டட வேலை அப்படியே நின்றுவிட்டது. சித்தூர்ப் பக்கமிருந்து வாஸ்து பார்க்கிறவரை அழைத்துவந்தார்கள். அவர் ஒவ்வொரு தளமாக நடந்து எண்ணிப் பார்த்துவிட்டு, "தூணு ஏழு இருக்குது. ஒத்தப்படை. எட்டாக்குங்க" என்றாராம். பின்பக்கம் ஜன்னலோரமாகக் கீழிருந்து மேல் வரைக்கும் எட்டாவது தூண் ஏறியது. அந்த மாதமே வழக்கு தீர்ந்தது, பேங்க் வாடகைக்கு வந்தது.

"அதுதாம்மா இந்த பில்டிங்குக்கே முதுகெலும்பு. மத்ததெல்லாம் சும்மா கூட நிக்குதுங்க" என்பார் வாட்ச்மேன்.

ஆயுத பூஜைக்கு மற்ற ஏழு தூணுக்கும் ஆளுக்கொரு சந்தனப் பொட்டு. எட்டாவதுக்கு மட்டும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டிப் பூசணிக்காய் உடைப்பார்கள். தூண் எங்கள் காப்பகத்து அறைக்குள்ளும் வருகிறது. நானும் என் பங்குக்குக் குங்குமம் வைத்தவள்தான். ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை, ஆயா தரை துடைத்துக்கொண்டிருந்தவர் "அக்கா, இல்லி நோடி" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். எட்டாவது தூணில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். பெயின்ட் உப்பி, தொட்டால் பொரிந்து உதிர்ந்தது. விரிசலுக்குள் என் சுண்டு விரல் நகம் நுழைந்தது. அந்தத் தூணுக்கு அடியில்தான் பாய் விரித்துப் பிள்ளைகளைத் தூங்கவைப்போம். ஜன்னல் காற்று வரும் இடம்.

கட்டட முதலாளிக்குப் போன் போட்டேன். இப்போது முதலாளி பெரியவரின் மகன். நல்ல மனுஷர், குரலை உயர்த்திப் பேச மாட்டார். நான் எங்கள் ஊர்ப் பழக்கத்தில் அவரை அண்ணாச்சி என்பேன். "அண்ணாச்சின்னா மளிகைக் கடைக்காரருதானே டீச்சரம்மா?" என்று முதலில் கொஞ்சம் வருத்தப்பட்டார். பிறகு பழகிவிட்டார். வந்தார், பார்த்தார், முகம் வெளுத்தது. தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நாளைக்கே ஐயரக் கூட்டிட்டு வர்றேன். சாந்தி பண்ணிட்டா சரியாயிடும்" என்றார்.

"அண்ணாச்சி, தூண் வெடிச்சிருக்கு. ஐயரு வந்து சிமென்ட் பூசுவாரா?"

"அப்படிப் பேசாதீங்கம்மா. இந்தத் தூணுக்கு ஒண்ணுன்னா எங்க குடும்பத்துக்கே ஒண்ணு."

"உங்க குடும்பம் வேப்பனப்பள்ளில இருக்கு. என் புள்ளைக இங்கல்லா இதுக்குக் கீழ படுத்திருக்கு!"

கத்திவிட்டேன். சின்னது ஒன்று பயந்து அழ ஆரம்பித்தது. அன்று மத்தியானமே எல்லாத் தாய்மார்களுக்கும் போன் செய்தேன். நாளையிலிருந்து பிள்ளைகளை என் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், கட்டடத்துக்குள் ஒரு குழந்தைகூட வரக் கூடாது என்று சொன்னேன்.

என் வீடு ஹவுசிங் போர்டில் இரண்டு அறை. ஒரே பாத்ரூம். ஒரு பிள்ளை மாவுப் பாத்திரத்துக்குள் கையை விட்டது, இன்னொன்று வீட்டுக்காரரின் கம்பெனி பேட்ஜை டாய்லெட்டில் போட்டது. மாடியில் இருக்கும் வீட்டு ஓனரம்மா காலையும் மாலையும் படியில் நின்று, "வீட்டுக்குத்தானே வாடகைக்கு விட்டோம், ஸ்கூலுக்கா விட்டோம்?" என்று காற்றைப் பார்த்துப் பேசினார். மாதம் முடிகிற வரைக்கும்தான் பொறுப்பேன் என்றும் காற்றிடமே சொன்னார். தாய்மார்கள் சிலர் லீவு போட்டார்கள், சிலர் ஊரிலிருந்து யாரையோ வரவழைத்தார்கள்.

ஒருத்திக்கு மட்டும் இரண்டுக்கும் வழியில்லை. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை பார்க்கும் பெண். புருஷன் லாரியில் மாம்பழக்கூழ் டின் ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வருவதற்கு மாதமாகும். ஊர் கல்லாவி. மாமியார் அங்கே இருக்கிறார். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, என் மடியில் பாட்டில் பால் குடிக்கும்போது என் தாலிக் கயிற்றைத் திருகிக்கொண்டே குடிக்கும். காலை ஷிப்டுக்குப் போகும் அவசரத்தில் என் வாசலில் நின்று சொன்னாள்.

"அக்கா, மாமி போன் பண்ணாங்க. இப்புடி வீடு வீடா புள்ளயத் தூக்கிட்டு அலையறதுக்கு இங்க கொண்டாந்து விட்டுருன்றாங்க. கல்லாவில விட்டா நான் மாசத்துக்கு ரெண்டு வாட்டி பாக்கலாம். இல்லன்னா வேலைய விடணும். வேலை அடுத்த மாசம் பர்மனென்ட் ஆவுது. நீங்களே சொல்லுங்கக்கா, நான் எத விடட்டும்?"

"ரெண்டையும் விடாத. கொஞ்சம் பொறு" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் அந்த விரிசல் ஓடி வந்து நிற்கும். திறந்தால் அந்தப் பெண் நிற்பாள்.

முதலாளி சொன்னபடி ஐயரை அழைத்துவந்து சாந்தி செய்தார். பூசணிக்காய் உடைந்தது, விரிசல் இன்னும் கொஞ்சம் நீண்டது. போதுமடா சாமி என்று நானே கிருஷ்ணகிரியில் கட்டடங்களின் பலம் பார்க்கும் இன்ஜினியர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். என் மகள் வயதுப் பெண். வருகிற அன்று காலை போன் செய்து, "மேடம், குருபரப்பள்ளில டிராஃபிக்ல நிக்குறேன், பஸ்ஸு நகரவே மாட்டேங்குது" என்றாள். நான் ஏழு மாடிக்கும் சந்து முனைக்குமாக நடந்து நடந்து ஜூஸ் கடைக்காரரே "உக்காருங்கம்மா" என்று ஸ்டூல் போடும்படி ஆகிவிட்டது.

ஒருவழியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள். முதுகில் பெரிய பை, தலையில் மஞ்சள் தொப்பி. நேராக எங்கள் அறைக்கு வந்து எட்டாவது தூணைச் சுற்றிப் பார்த்தாள். பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்துத் தட்டினாள். மற்ற தூண்களில் 'டிக்' என்று கேட்ட சத்தம் இதில் 'டொப்' என்று கேட்டது. திரும்பத் தட்டினாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"சார், இந்த பில்டிங்கோட பழைய டிராயிங் இருக்கா?" என்று முதலாளியைக் கேட்டாள்.

"எங்க நாயனா காலத்துல கறையான் தின்னுடுச்சும்மா." அப்பாவை அவர் நாயனா என்றுதான் சொல்வார்.

"அப்ப ஒடச்சுத்தான் பாக்கணும். உள்ள காலியா இருக்கு. ஒண்ணு, இது தூணே இல்லாம வேற ஏதாவதா இருக்கணும். இல்லன்னா உள்ள கான்கிரீட் அரிச்சுப் போயிருக்கணும். ரெண்டாவதா இருந்தா, சார், இன்னிக்கே எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிருவேன்."

முதலாளி தூணுக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். "வத்து, வத்தம்மா, வேணாம். எங்க நாயனா சாகறப்போ என் கையப் புடிச்சு சொன்ன கடைசி வார்த்த, எட்டாவது தூணு மேல கை வெக்காதேன்றதுதான். நீங்க எல்லாம் வந்து போறவங்க. நான் இதப் பாத்து வளந்தவன். இத ஒடச்சு பில்டிங் சாஞ்சா நான் யாருக்குப் பதில் சொல்வேன்?"

அவர் கண்ணில் தண்ணீர். சத்தியமாகப் பயந்துபோயிருந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. அந்த நேரத்தில் கல்லாவிப் பெண்ணின் முகம்தான் எனக்கு முன்னால் நின்றது.

"அண்ணாச்சி, உங்க நாயனா தூண் மேல கை வைக்காதன்னாரு. பச்சப் புள்ளைக தலைல விழுந்தா விழட்டும்னு சொன்னாரா? ஒருத்தி புள்ளையக் கல்லாவிக்கு அனுப்பிச்சிட்டு வேலைக்குப் போகவா, வேலைய விட்டுட்டுப் புள்ளைய வச்சிக்கவான்னு என் வாசல்ல நின்னு அழுதுட்டுப் போறா. இந்தத் தூணுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாம நான் அவளுக்கு என்ன பதில் சொல்ல? சொல்லுங்க. நீங்க சொல்ற பதில அப்படியே போய் சொல்லிடுறேன்."

அவர் கையை மெதுவாக இறக்கினார். "நல்ல நேரம் பாத்தாவது ஒடைக்கலாமா?" என்றார்.

இன்ஜினியர் பெண் பட்டென்று போனை எடுத்துப் பார்த்தாள். "எமகண்டம் முடிய இன்னும் கால் மணி நேரம் இருக்கு சார். வெயிட் பண்ணலாம்" என்றாள். நான் அவளைப் பார்த்த பார்வையில், "எங்க வீட்லயும் இப்படித்தான் மேடம்" என்று முணுமுணுத்தாள்.

கால் மணி நேரத்துக்குள் விஷயம் எல்லா மாடிக்கும் பரவிவிட்டது. தூணை உடைக்கப் போகிறார்களாம் என்று கேட்டதுதான் தாமதம், ஆடிட்டர் ஆபீஸ், இன்சூரன்ஸ், கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சிகள் எல்லாம் படியில் தடதடவென்று இறங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றன. பேங்க்கூட ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டது. அறையில் நாங்கள் ஐந்து பேர்தான். முதலாளி, வாட்ச்மேன், இன்ஜினியர், உளியும் சுத்தியலுமாக ஒரு கொத்தனார், நான்.

"நீங்க வெளிய போயிருங்க மேடம்" என்றாள் அந்தப் பெண்.

"நீ நிக்கிற இடத்துல நான் நிக்கக் கூடாதா? வேலையப் பாரு."

வீராப்பாகச் சொல்லிவிட்டு, கதவுப் பக்கமாக இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். வாட்ச்மேன் சூடம் ஏற்றினார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு தெலுங்கில் ஏதோ வேண்டினார். கொத்தனார் உளியை வைத்து ஒரு போடு போட்டார். பூச்சு உதிர்ந்தது. உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. செங்கல்.

"தூணுக்குள்ள செங்கல்லா?" என்றார் முதலாளி.

இரண்டு செங்கல்லை நெம்பி எடுத்தார்கள். ஈர வாடை குப்பென்று அடித்தது. உள்ளே கறுப்பாக ஒரு இரும்புக் குழாய், நீளவாக்கில் பிளந்திருந்தது. பிளவு வழியாக வேர்கள், பழுப்பு வேர்கள், பின்னிப் பின்னிச் சடை போலத் தொங்கின. அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். இன்ஜினியர் பெண் டார்ச் அடித்து மேலேயும் கீழேயும் பார்த்தாள். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு.

"சார், இது தூணே இல்ல. மொட்டை மாடி மழைத்தண்ணி எறங்குற குழாய். அதச் சுத்தி செங்கல் வச்சு மூடி, தூண் மாதிரி பூசியிருக்காங்க. நாலு மாடி எழும்பினதுக்கு அப்புறம் புதுசா ஒரு தூணை அஸ்திவாரத்துலருந்து ஏத்த முடியுமா? தளத்தையெல்லாம் ஒடைக்கணுமே. அன்னிக்கு இருந்த மேஸ்திரி சுளுவா வேலைய முடிச்சிருக்காரு. இது ஒரு டீ கிளாஸ் வெயிட்டைக்கூடத் தாங்கல."

"அப்ப பில்டிங்கு?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பில்டிங்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல மேடம். இருங்க, மத்த ஏழையும் முழுசாப் பாத்துட்டுத்தான் எழுதிக் குடுப்பேன்."

வேர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க மொட்டை மாடிக்குப் போனோம். குழாயின் வாயில், சுவரோரமாக, இடுப்பளவுக்கு ஒரு அரசங்கன்று தளதளவென்று நின்றது. அதற்கு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. குங்குமம் வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு செம்பு. எல்லாரும் வாட்ச்மேனைப் பார்த்தோம்.

"சாமி மரமாச்சே, தானா மொளச்சு வந்திருக்கு, அதப் போயி புடுங்குவாங்களா?" என்றார் அவர். குரல் உள்ளே போய்விட்டது. "டெய்லி ஒரு செம்பு தண்ணி ஊத்துவேன். தூணுக்கும் காவலா இருக்கும்னு..."

அவரைத் திட்ட யாருக்கு வாய் வரும்? கீழே நாங்கள் தூணுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தோம், மேலே அவர் அதைப் பிளக்கிற மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், இரண்டும் பக்திதான். முதலாளி கன்றில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்து, "ஒடச்சா தண்ணி வரும், அதனால கை வெக்காதேன்னு முழுசா சொல்லிட்டுப் போயிருக்கலாமே நாயனா" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அந்தச் சாது மனுஷர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கன்றை வேரோடு எடுத்துத் தன் மாந்தோப்பில் நட்டுக்கொள்கிறேன் என்றார். வாட்ச்மேன் தாமே கூடப் போய் நட்டுவிட்டு வந்தார்.

இன்ஜினியர் பெண் சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொரு மாடியாக ஏழு தூணையும் தட்டினாள், கருவி வைத்தாள், உத்தரத்தைப் பார்த்தாள், தளத்தைப் பார்த்தாள். சாப்பிடக் கூப்பிட்டால்கூட வரவில்லை. கடைசியில் முருகன் டைல்ஸ் இருக்கும் திருப்பத்தில், படியில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தாள்.

"மேடம், ஏழும் கல்லு மாதிரி இருக்கு. அந்தக் காலத்துல சிமென்ட்டுக்குக் கஞ்சத்தனம் பண்ணாம கட்டியிருக்காங்க. தாராளமாப் புள்ளைங்களக் கூட்டிட்டு வாங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, நிறுத்த முடியவில்லை. நெஞ்சில் இருந்த பாறாங்கல்லை யாரோ எடுத்துவைத்த மாதிரி இருந்தது என்று சொல்வார்களே, அதற்கு அன்றுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. அழுது முடித்ததும் பசித்தது. அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு போய் இரண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு பரோட்டா சாப்பிட்டோம்.

கல்லாவிப் பெண்ணுக்குத்தான் முதலில் போன் செய்தேன். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். "ஏம்மா, புள்ளைய எங்கயும் அனுப்ப வேண்டாம். வேலையையும் விட வேண்டாம். திங்கக்கிழமை கூட்டிட்டு வா" என்றேன். அந்தப் பக்கம் பஸ் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு "யா அல்லா" என்று ஒரு மூச்சு. "அக்கா, நாளைக்கிக் காலைல மாமி கெளம்பி வர்றதா இருந்தாங்க. புள்ள துணியெல்லாம் பையில எடுத்து வெச்சிட்டேன்" என்றாள். சொன்ன கையோடு போனை வைத்துவிட்டாள்.

வேலை மளமளவென்று நடந்தது. செங்கல்லை எல்லா மாடியிலும் இடித்து எடுத்தார்கள். புதுக் குழாயைப் பின்பக்கச் சுவரில் வெளியே இறக்கினார்கள். கிரானைட் இல்லாத பக்கம், அழகு ஒன்றும் கெட்டுவிடவில்லை. முதலாளி வந்து வெறும் இடத்தைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். எனக்குப் புரிந்துவிட்டது.

"ஏழுதானே ஆகுது டீச்சரம்மா. மறுபடி ஒத்தப்படை."

"லிஃப்ட் கூண்டு கீழருந்து மேல வரைக்கும் நிக்குதே, அதையும் சேத்து எண்ணுங்க அண்ணாச்சி. எட்டு."

அவர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். "ஆமால்ல" என்றார். போகும்போது லிஃப்ட் கதவுக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டுப் போனார். அது எதையாவது தாங்குகிறதா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை பிள்ளைகள் வந்தன. கல்லாவிப் பெண் யூனிஃபார்மில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசலிலேயே நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. தூண் இருந்த இடத்தையே பார்த்தாள். தரையில் சதுரமாகப் புது சிமென்ட், மேலே சதுரமாகப் புது வெள்ளை.

"அக்கா, நீங்க சொன்னீங்க, நான் நம்புறேன். ஆனா இம்மாம் பெரிய பில்டிங்கு, அது இல்லாம நிக்குமாக்கா?"

வேறு நாளாக இருந்தால் நான் சுள்ளென்று ஏதாவது சொல்லியிருப்பேன். அன்றைக்கு வரவில்லை. "இத்தன வருஷமா அது இல்லாமத்தாம்மா நின்னுச்சு. உள்ள வா" என்றேன். அவள் குழந்தையை என் கையில் கொடுத்தாள். முகத்தில் பயம் அப்படியே இருந்தது. கீழே கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது, ஓடினாள்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து பிள்ளைகளை வழக்கம் போல ஜன்னலோரம் படுக்கப் போட்டோம். முன்னைவிட இடம் தாராளமாக இருந்தது. நல்ல காற்று. ஆயா, "அக்கா, நீங்க ஒசி, கொஞ்ச நேரம் கண்ண மூடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். சும்மா சுவரில் சாய்ந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பிள்ளைகள் பாதி எழுந்து ஆயாவைச் சுற்றிப் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தன. ஆயா என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்து, ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினார். ஷிப்ட் முடிந்து குழந்தையை அழைத்துப்போக வந்தவள் போல. ஐ.டி. கார்டு கழுத்தில் கிடக்க, பை தோளிலேயே மாட்டியிருக்க, அந்தப் புது வெள்ளைச் சதுரத்துக்கு நேர் கீழே, குழந்தையை அணைத்துக்கொண்டு கல்லாவிப் பெண் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் எழுப்பல?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பஸ்ஸு போயிடும்னு சொன்னேன்க்கா. போவட்டும்னா" என்றார் ஆயா.

எனக்கும் அவளை எழுப்ப மனசு வரவில்லை. காற்றாடியை இன்னும் கொஞ்சம் வேகமாக வைத்தேன்.